தாத்தா 80: பத்திரிகை வேலை

பெரியப்பா: கார்த்தி, அழைப்புப் பத்திரிகைக்கு விலாச லேபிள் போடுற புரோகிராம் ஓடலை. பைத்தான்னு அடிச்சா மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்குது. ஜெராக்ஸ் கடைக்காரர் 6 மணிக்குள்ள ஃபைல் கேட்கிறார்

பவித்ரா: பைத்தான் வேண்டாம் பெரியப்பா. வெறும் பை. பி, ஒய், ரெண்டே எழுத்து

லதா சித்தி: அன்னிக்குப் பொண்ணுங்க எல்லாரும் ஒரே கலர் சேலையா? யாராவது சொல்லுங்க

கார்த்தி: பெரியப்பா, விண்டோஸ்ல பைத்தான்ங்கிற பேர்ல ஸ்டோருக்குத் தள்ளிவிடுற குறுக்குவழி ஒண்ணு ஏற்கனவே இருக்கும். இன்ஸ்டால் பண்றப்ப பாத்-ல (விண்டோஸ் புரோகிராமைத் தேடுற இடங்களோட பட்டியல்) சேர்க்கிற டிக் போடலைன்னா அதுதான் முந்திக்கும். பைத்தானை ஓட்டிவிடுற பை-ங்கிற லாஞ்சருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஃபைல் இருக்கிற ஃபோல்டரைத் திறந்து, மேலே அட்ரஸ் பார்ல இருக்கிறதை அழிச்சுட்டு சிஎம்டி-ன்னு அடிச்சு என்டர் தட்டுங்க. கருப்பு ஜன்னல் அந்த ஃபோல்டர்லயே திறக்கும். அதுல இதை அடிங்க:

பை முகவரி.பை --பட்டியல் "தாத்தா 80.சிஎஸ்வி" --தவிர் சிங்கப்பூர்

இங்கிலீஷ் எழுத்து எங்கெங்க வரும்னு மேலே போட்டோ போட்டிருக்கேன். ஆப்ஷன் பேரெல்லாம் தமிழ்தான். பழைய விண்டோஸா இருந்தா கருப்பு ஜன்னல்ல தமிழ் கட்டம் கட்டமா தெரியும். உள்ளே சரியாத்தான் போகும், பயப்படாதீங்க. ஃபைல் பேர்ல இடைவெளி இருக்கு, அதனால இரட்டை மேற்கோள் கட்டாயம். ஒற்றை மேற்கோள் சிஎம்டி-ல எடுபடாது. சிங்கப்பூர்காரங்களுக்கு வாட்ஸ்அப்லயே அனுப்பறோம், அதான் தவிர்

ரவி சித்தப்பா: இவ்ளோ படிக்கிறதுக்கு கையிலயே எழுதிடலாம்

பவித்ரா: அப்பா, உங்க கையெழுத்தை போஸ்ட்மேன் படிக்கணும்ல

பெரியப்பா: --பட்டியல் கட்டாயம்னு திட்டுது. நான்தான் கொடுத்திருக்கேனே!

பவித்ரா: போட்டோ எடுத்து அனுப்புங்க

பெரியப்பா: 📷 போட்டோ

பவித்ரா: கோடு நீளமா இருக்கு. வேர்ட்ல அடிச்சு காப்பி பண்ணீங்களா?

பெரியப்பா: ஆமா, எழுத்து பெருசா தெரியணும்னு

கார்த்தி: அதேதான். வேர்ட் ரெண்டு ஹைபனையும் சேர்த்து ஒரே நீளக் கோடாக்கிடும், மேற்கோளையும் வளைச்சுடும். ரெண்டு ஹைபன்ல ஆரம்பிச்சாத்தான் ஆர்க்பார்ஸ் (நாம அடிக்கிற கமாண்டைப் பிரிச்சுப் படிக்கிற பைத்தான் பகுதி) அதை ஆப்ஷன்னு எடுத்துக்கும். நீளக் கோடு வந்தா ஏதோ சாதாரண வார்த்தைன்னு ஒதுக்கிட்டு, பட்டியல் வரவே இல்லைன்னு சொல்லும். நோட்பேட்ல அடிங்க. எழுத்து பெருசாகணும்னா கன்ட்ரோலைப் பிடிச்சுக்கிட்டு பிளஸ்

லதா சித்தி: மாம்பழக் கலர் ஓகேவா?

பெரியப்பா: ஓடிடுச்சு 👏 ஆனா 212 லேபிள்தான். பட்டியல்ல 238 பேர், சிங்கப்பூர் 7 போனா 231 வரணுமே

சுமதி அத்தை: 19 குறையுதா? கரூர்ல நம்ம ஆளுங்க எத்தனை வீடு அண்ணா?

பெரியப்பா: இரு எண்றேன்

பெரியப்பா: 19

சுமதி அத்தை: சரி

ரவி சித்தப்பா: அக்கா, கம்ப்யூட்டர் தப்பு அது

சுமதி அத்தை: கம்ப்யூட்டருக்கு கரூர் தெரியுமா ரவி

பவித்ரா: கார்த்தி அண்ணா, புரோகிராம்ல --தவிர் வரியை அனுப்பு

கார்த்தி: பார்த்தேன். அந்த ஆப்ஷனுக்கு ஆக்‌ஷன் அப்பெண்ட். அதாவது --தவிர் எத்தனை தடவை கொடுத்தாலும் ஒரே லிஸ்ட்ல சேர்ந்துக்கிட்டே போகும். டிஃபால்ட்ல, அதாவது நாம எதுவும் கொடுக்காதப்ப எடுத்துக்கிறதுல, ஏற்கனவே கரூர் இருக்கு. மத்த ஆப்ஷன்ல நாம கொடுக்கிறது டிஃபால்ட்டை எடுத்துட்டு உட்காரும். அப்பெண்ட்ல அப்படி இல்லை, டிஃபால்ட்டுக்குப் பின்னாடி போய் ஒட்டிக்கும். அதனால சிங்கப்பூர் கொடுத்தப்ப கரூரும் சிங்கப்பூரும் சேர்ந்தே தவிர்ந்திருக்கு

சுமதி அத்தை: டிஃபால்ட்ல கரூரை யார் போட்டது?

ரவி சித்தப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

லதா சித்தி: அண்ணி, அது காதுகுத்துக்குப் போட்டது. கரூருக்கு நேர்லயே வெக்கிறதா பேச்சு, தபால் வேண்டாம்னு

சுமதி அத்தை: நேர்லயா? போன்தான் வந்துச்சு. அதுவும் முதல் நாள் ராத்திரி

பவித்ரா: பெரியப்பா, முகவரி.பை-ஐ நோட்பேட்ல திறந்து டிஃபால்ட் பக்கத்துல சதுர அடைப்புக்குள்ள இருக்கிற கரூரை மட்டும் எடுங்க, அதோட மேற்கோளும் சேர்த்து. அடைப்பு காலியா இருக்கட்டும்

கார்த்தி: அடைப்போட சேர்த்து டிஃபால்ட்டையே எடுத்துடாதீங்க. எடுத்தா, --தவிர் கொடுக்காத அன்னிக்கு லிஸ்டுக்குப் பதிலா நன், அதாவது ஒண்ணுமில்லைங்கிறது, வரும். நன்-ல தேடப் போய் டைப்எரர் அடிக்கும். எடுத்துட்டு கன்ட்ரோல் எஸ். கருப்பு ஜன்னல்ல மேல் அம்பு தட்டினா பழைய கமாண்ட் வரும், திரும்ப அடிக்க வேண்டாம்

பெரியப்பா: பெர்மிஷன்எரர்னு வருது. எதுக்குப் பெர்மிஷன்?

பவித்ரா: லேபிள்.சிஎஸ்வி எக்செல்ல திறந்திருக்கா? மூடுங்க. அது திறந்திருக்கிற வரைக்கும் பைத்தான் அதுல எழுத முடியாது

பெரியப்பா: மூடிட்டேன். 231 வந்துடுச்சு

கார்த்தி: கடைக்கு அனுப்புறதுக்கு முன்னாடி எக்செல்ல திறந்து சேவ் பண்ணினா, சிஎஸ்வி யூடிஎஃப்-8னு இருக்கிறதைத் தேர்ந்தெடுங்க. சும்மா சிஎஸ்வி-ல வெச்சா தமிழ்ப் பேரெல்லாம் கேள்விக்குறியாயிடும்

சுமதி அத்தை: எங்க வீட்டுக்கு லேபிள் ஒட்ட வேண்டாம். வர்றவங்க நேர்ல வரட்டும்

பெரியப்பா: ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்மா

ரவி சித்தப்பா: ஞாயிறு பந்தல்காரர் வர்றார்ணே

கார்த்தி: அத்தை வீட்டை மட்டும் விட இதுல வழி இல்லை. ஊரை வெச்சுத்தான் தவிர்க்கும். கரூர்னு கொடுத்தா 19 வீடும் போயிடும்

சுமதி அத்தை: கொடுத்துத்தான் பாரேன்

லதா சித்தி: மாம்பழம் இல்லைன்னா ராமர் பச்சை

பெரியப்பா: கடைக்காரர் லைன்ல இருக்கார். 231 ஓட்டச் சொல்லவா, 230ஆ?