பொருள்: ‘வொர்க் இன் புரோகிரஸ்’ தமிழில் எப்படி?

இரா. எழுதியது:
கெய்ரோ கெனீசா ஆவணங்கள் (பழைய கெய்ரோவின் யூதத் தொழுகைக்கூடத்தில் குவிந்துகிடந்த பழந்தாள்கள்) பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. யூதவியல் அறிஞர்கள் முடியாத ஆய்வைச் சக ஆய்வாளர்களிடையே சுற்றுக்கு விட்டுக் கருத்துக் கேட்கிறார்கள். அதற்கு ‘வரைவு’ போதவில்லை. இங்கே எழுத்து மட்டுமல்ல, வாசிப்பே முடியவில்லை. ஃபுஸ்தாத் என்னும் அப்பழைய கெய்ரோவின் தொழுகைக்கூடத்தில் கிடந்த ஒரு கடிதத்தின் மேல்பாதி கேம்பிரிட்ஜிலும் கீழ்ப்பாதி வேறொரு நூலகத்திலும் இருக்கக்கூடும். கிழிசல்கள் இரண்டும் பொருந்தும் நாளில், யார் யாருக்கு எழுதியது என்பதே மாறிவிடலாம்.

க. எழுதியது:
‘வளராய்வு’ என்று இடுங்கள். வினைத்தொகை. ‘காலம் கரந்த பெயரெச்சம்’ என்றார் நன்னூலார். வளர்ந்த, வளர்கின்ற, வளரும் ஆய்வு மூன்றும் அதில் அடங்கும். வளர்பிறை அறிந்தவர்களுக்கு இதுவும் விளங்கும்.

மு. எழுதியது:
ஐயா, பிறை முழுநிலவாவது உறுதி. ஆய்வுக்கு அந்த உறுதி ஏது? எத்தனையோ வாசிப்புகள் கைவிடப்படுகின்றன. ‘எச்ச ஆய்வு’ என்பதே சரி. வினையெச்சம் முடிக்கும் சொல்லை எதிர்நோக்கி நிற்பதுபோல இதுவும் பிறர் கருத்தை எதிர்நோக்கி நிற்கிறது. ‘எச்சத்தாற் காணப் படும்’ என்ற குறளிலும் ஒருவர் விட்டுச்செல்வதுதான் பேசப்படுகிறது. யூதவியல் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று: எபிரேய விவிலியத்தின் அரசர்கள் முதல் நூல் 10:22இல் மயில்களைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் ‘துக்கிய்யீம்’ நம் ‘தோகை’தான் என்பது பலர் ஏற்ற கருத்து. கப்பலேறிய அச்சொல்லைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.

செ. எழுதியது:
அம்மா, தோகையைப் பிறகு பார்ப்போம். பொதுவாசகருக்கு எச்சம் என்றால் பறவை எச்சம். இலக்கணம் மறந்தவரும் படிக்கத்தானே மொழிபெயர்ப்பு? ‘நடப்பாய்வு’ போதும், நடப்பு ஆண்டு, நடப்புக் கணக்கு எல்லாருக்கும் தெரியும்.

க. எழுதியது:
தம்பி, கெனீசா ஆய்வறிஞர் கோய்டைனை எண்ணிப் பாருங்கள். மங்களூரில் வெண்கலப் பட்டறை நடத்திய ஆபிரகாம் பென் யிஜு முதலான இந்திய வணிகர்களின் கடிதங்களைப் பல பத்தாண்டுகள் படித்தார். அவற்றைப் பற்றிய நூல் முடியுமுன் 1985இல் மறைந்தார். ஃபிரீட்மன் என்ற அறிஞர் தொடர்ந்து உழைத்து, 2008இல் அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. கோய்டைன் அச்சிடாமல் விட்ட எழுத்துப்பெயர்ப்புகள் பிரின்ஸ்டன் கெனீசா திட்டத்தின் தளத்தில் இன்று எவரும் படித்துத் திருத்தம் சொல்லும்படி கிடக்கின்றன. எழுதியவர் மறைந்த பிறகும் வளர்வதை ‘நடப்பு’ என்று எப்படிச் சொல்வது?

இரா. எழுதியது:
க. ஐயா சொல்வது மனத்தைத் தொடுகிறது. ஆனால் தனிமடலில் எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘நடப்பாய்வு’ பக்கம். கட்டுரையில் அதையே இடுகிறேன்.

மு. எழுதியது:
என் வாக்கு இன்னமும் எச்சத்துக்கே. தொல்காப்பிய எச்சவியலிலிருந்து நாளை சான்று தருகிறேன்.

க. எழுதியது:
பெரும்பான்மைக்காகப் பொருளை விட்டுவிட முடியாது. கோய்டைன் பெயர் வரும் பத்தியில் மட்டுமாவது ‘வளராய்வு’ என்று இடுங்கள், இரா.