பழைய யூனிக்ஸ் கணக்கைக் கணினியிலிருந்து திறக்க எந்த டெர்மினல் மென்பொருள்?

மண்டிக்கணக்கு:
ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் 19 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். விரலி, கிழங்கு, மூட்டை எடை, கமிஷன் எல்லாம் எஸ்சிஓ யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளம் ஓடும் சர்வரில் இருக்கின்றன. அதோடு இணைந்த திரையும் விசைப்பலகையுமான பச்சை எழுத்து டெர்மினல்கள் நான்கில் இரண்டு அணைந்துவிட்டன. பழுது பார்க்க ஆள் இல்லை. அந்த மேசைகளில் விண்டோஸ் கணினி வைத்து டெல்நெட் என்ற பழைய வலைத்தொடர்பு முறையில் சர்வருக்குள் நுழையப் பார்த்தேன். விண்டோஸோடு வந்த ஹைப்பர்டெர்மினல் என்ற டெர்மினல் மென்பொருள் எக்ஸ்பியோடு போய்விட்டதாம். பழைய பென் டிரைவில் ‘பட்டி’ (PuTTY) என்ற டெர்மினல் மென்பொருள் கிடைத்தது. பாஸ்வேர்டு வரை ஒழுங்காக வருகிறது. மெனு வந்ததும் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்புகின்றன. பதிவு செய்ய எஃப்10 அழுத்தினால் அசைவே இல்லை. வேறு மென்பொருள் வாங்க வேண்டுமா? இந்தக் கணக்கு நிரலை விட்டுவிட எனக்கு மனம் இல்லை. எங்கள் பையன்கள் விசைப்பலகையைப் பார்க்காமலே பில் போடுகிறார்கள்.

பழைய யூனிக்ஸ்காரன்:
அக்கா, எதுவும் வாங்க வேண்டாம். பட்டியே போதும், அது இலவசம். சிக்கல் சர்வர் பக்கம் இருக்கிறது. உங்கள் பயனர் கணக்கின் ‘.புரொஃபைல்’ கோப்பில் டெர்மினல் வகையைச் சொல்லும் ‘டெர்ம்’ (TERM) என்ற வரியைப் பாருங்கள். ‘வைஸ் 60’ என்ற பழைய டெர்மினல் வகையின் சுருக்கம் அங்கே இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் சர்வர் உங்கள் கணினியை அந்தப் பழைய டெர்மினல் என்றே நம்பி அதன் பாஷையில் பேசுகிறது. பட்டிக்குத் தெரிந்ததோ விடி100 வழிவந்த பாஷை. டிஇசி நிறுவனம் 1978இல் கொண்டுவந்த டெர்மினல் அது. இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் அதைத்தான் பின்பற்றுகின்றன. கணினிகளுக்கு மட்டும் தனிப் பயனர் கணக்கு திறந்து அந்த வரியில் பட்டிக்குப் புரியும் ‘எஸ்சிஓஆன்சி’ (scoansi) என்று வையுங்கள். பட்டியில் ‘கீபோர்டு’ பக்கத்தில் எஃப் விசைகளுக்கு ‘எஸ்சிஓ’வைத் தேர்ந்தெடுங்கள். எஃப்10 பேசும்.

மண்டிக்கணக்கு:
நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது! மாற்றியதும் மெனு நேராக நின்றது, எஃப்10 பதிவு செய்தது. ஆனால் கட்டம் போட்ட கோடுகள் இருந்த இடத்தில், தலையில் இரட்டைப் புள்ளி வைத்த ஆங்கில ‘ஏ’ வரிசையாக நிற்கிறது.

பழைய யூனிக்ஸ்காரன்:
அது எழுத்துக்குறியீட்டு வேறுபாடு. பட்டியின் ‘டிரான்ஸ்லேஷன்’ பக்கத்தில் ‘சிபி437’ (CP437) வையுங்கள். அந்தப் பழைய ஐபிஎம் கணினிக் குறியீட்டில் 196ஆம் எண் படுக்கைக் கோடு. லத்தீன்-1 என்ற இன்னொரு குறியீட்டில் அதே எண் நீங்கள் பார்க்கும் அந்த ‘ஏ’. செய்துவிட்டு அந்த அமைப்பை ஒரு பெயரில் சேமியுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் வைக்க வேண்டியிருக்கும்.

கேபிள்காரர்:
ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பென் டிரைவ் பிரதியைத் தூக்கிப் போடுங்கள். பட்டியின் பெயரில் தகவல் திருடும் நிரல் ஒட்டிய பிரதிகள் உலவியிருக்கின்றன. அதை எழுதிய சைமன் டாத்தமின் சொந்தப் பக்கத்திலிருந்தே இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். அடுத்து, டெல்நெட்டில் பாஸ்வேர்டு மூடாமல், நடுவில் ஒட்டுக்கேட்பவர் படிக்கும்படி போகிறது. மண்டிக்குள் இருக்கும்வரை சமாளிக்கலாம். வெளியூரிலிருந்து யாராவது நுழைகிறார்களா?

மண்டிக்கணக்கு:
பெருந்துறைக் கிடங்கிலிருந்து நுழைய வேண்டும் என்று முதலாளி கேட்கிறார். ரவுட்டரில் டெல்நெட்டுக்கான 23ஆம் போர்ட்டைத் திறந்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார்.

கேபிள்காரர்:
வேண்டவே வேண்டாம். பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடியதால்தான் 1995இல் டாட்டு யுலோனன் எல்லாவற்றையும் மூடி அனுப்பும் எஸ்எஸ்ஹெச் (SSH) எழுதினார். சர்வருக்குப் பக்கத்தில் சின்ன லினக்ஸ் கணினி ஒன்றை வையுங்கள். கிடங்கிலிருந்து பட்டி அதற்கு எஸ்எஸ்ஹெச் வழியாக வரட்டும், பாஸ்வேர்டுக்குப் பதில் சாவிக் கோப்போடு. அங்கிருந்து யூனிக்ஸுக்கு டெல்நெட் போகட்டும். திறந்தவெளியில் போவது மூடிய பாதை மட்டும்தான்.

மண்டிக்கணக்கு:
சிபி437 வைத்ததும் கோடுகள் வந்துவிட்டன. புதுப் பிரதியும் இறக்கிவிட்டேன். லினக்ஸ் கணினிக்கு முதலாளியிடம் நாளைக் காலை கேட்கிறேன்; அது வரும்வரை கிடங்குக்கு எதையும் திறக்கமாட்டேன். பில் இன்னும் டெர்மினலின் பின்னால் மாட்டிய டாட் மேட்ரிக்ஸில்தான் வருகிறது. அந்தப் பிரிண்டரைக் கணினியில் மாட்டலாமா?

பழைய யூனிக்ஸ்காரன்:
மாட்டலாம். பட்டியின் ‘டெர்மினல்’ பக்கத்தின் அடியில் பிரிண்டரைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் உங்கள் நிரல் வைஸ் குறியீட்டை நேரடியாக அனுப்பினால் அதைப் பட்டிக்குப் புரியும் ஆன்சிக் குறியீடாக மாற்ற வேண்டும். பில் அச்சடிக்கும் நிரலின் அந்தச் சில வரிகளை மட்டும் இங்கே போடுங்கள், அக்கா.