முத்திய புரைக்கு டார்ஷனல் பேக்கோவா, சாதா பேக்கோவா?

வைகைக்கரை:
அம்மாவுக்கு 74 வயது. வலது கண் புரை முத்தி, டார்ச் அடித்தால் கண் பாப்பா பழுப்பாகத் தெரிகிறது. அல்ட்ராசவுண்டில் அதிரும் ஊசியால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும் பேக்கோ ஆபரேஷனாம். அதில் டார்ஷனல் மெஷினுக்கு ஒரு ரேட், சாதா பேக்கோவுக்கு ஒரு ரேட் சொல்கிறார்கள். வித்தியாசம் நிஜமா, வியாபாரமா?

தியேட்டர்வாசி:
நிஜம்தான். சாதா பேக்கோவில் ஊசி நொடிக்குச் சுமார் 40,000 தடவை முன்னும் பின்னும் போய்வரும். முன்னே போகும்போது மட்டும்தான் உடைக்கும், அதே அடியில் துண்டைத் தள்ளியும் விடும். உறிஞ்சல் இழுக்க, ஊசி தள்ள, துண்டு முனையிலேயே கிடந்து படபடவென்று ஆடும். டார்ஷனலில் ஊசி 32,000 தடவை இடவலமாகத் திரும்பும். வளைந்த முனை பக்கவாட்டில் சீவும். இரண்டு திசையிலும் வெட்டு, துண்டும் விலகாது.

சாப்கட்சி:
அண்ணே, பழுப்புப் புரையில்தான் டார்ஷனலே தடுமாறும். தோல் மாதிரி நாரான துண்டு முனையில் அடைத்துக்கொள்ளும். அதைத் தள்ளிவிட நடுநடுவே முன்பின் அடி தானாக விழும்படி அந்த மெஷினிலேயே மென்பொருள் வைத்தார்கள். அப்புறம் எதற்கு முன்பின்னைத் திட்டுவது? ஜப்பானின் நாகஹாரா 1993இல் காட்டிய சாப் முறைப்படி கொக்கியால் பிளந்துவிட்டால், எந்த மெஷினானாலும் அல்ட்ராசவுண்ட் தேவை வெகுவாகக் குறையும்.

தியேட்டர்வாசி:
கேஸ் முடிந்ததும் திரையில் வரும் சிடிஇ எண்ணை, அதாவது மொத்தம் செலவான அல்ட்ராசவுண்ட் ஆற்றலின் கணக்கைப் பாருங்கள் தம்பி. டார்ஷனலில் குறைவாகத்தான் இருக்கும்.

சாப்கட்சி:
குறையாமல் என்ன செய்யும்? டார்ஷனல் கணக்கை மெஷின் 0.4ஆல் பெருக்கித்தானே காட்டுகிறது! 50 சதவீத பவரில் 10 நொடி ஓட்டினால் முன்பின்னுக்கு 5, டார்ஷனலுக்கு 2. ஊசி நுழையும் கீறல் வாயில் உண்டாகும் சூட்டை வைத்துப் போட்ட கணக்கு அது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை.

தியேட்டர்வாசி:
சூடு குறைவது லாபமில்லையா? சரி, எண்ணை விடுங்கள். துள்ளுகிற துண்டு கருவிழியின் உள்பக்கத்தில் போய் இடிக்கும். அங்கிருக்கும் எண்டோதீலியம் செல் செத்தால் புதிதாக முளைக்காது.

சாப்கட்சி:
அதை மறுக்கவில்லை. ஆனால் செல்லைக் காக்கும் ஜெல்லைக் கண்ணுக்குள் நன்றாக நிரப்பி, பாப்பாவுக்குக் கீழேயே வேலையை முடிக்கிற கை இருந்தால் சாதா பேக்கோவிலும் செல் தப்பிக்கும்.

மாசிவீதி:
இரண்டு பேரும் அல்ட்ராசவுண்டை விட்டு வெளியே வரமாட்டீர்களா? இந்த மாதிரிப் புரைக்கு எஸ்ஐசிஎஸ் என்று, மெஷின் இல்லாமல் கையாலேயே செய்யும் சிறு கீறல் ஆபரேஷன் ஒன்று இருக்கிறது. மதுரை அரவிந்தில் காலம்காலமாகச் செய்கிறார்கள். புரையின் கெட்டியான நடுக்கருவை உடைக்காமல் முழுசாக வெளியே எடுத்துவிடுவார்கள், பெரும்பாலும் தையலும் கிடையாது. செலவும் குறைவு.

சாப்கட்சி:
பேக்கோவைவிடக் கீறல் பெரிசு, அதனால் கண்ணாடியில் சிலிண்டர் பவர் கொஞ்சம் ஏறலாம். மற்றபடி இந்தக் கண்ணுக்கு நல்ல யோசனைதான். வைகைக்கரை, அந்த எண்டோதீலியம் செல் கவுண்ட் எடுத்தார்களா? சதுர மில்லிமீட்டருக்கு 2,000க்கு மேல் என்றால் நிம்மதி. 1,000 பக்கம் என்றால் ரேட் பேச்சை நிறுத்திவிட்டு டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

வைகைக்கரை:
ரிப்போர்ட்டில் அப்படி ஒன்றும் காணோம். நாளைக்குக் கேட்கிறேன்.

தியேட்டர்வாசி:
கேளுங்கள். பேக்கோதான் என்று முடிவானால் டார்ஷனலை விட்டுவிடாதீர்கள்!