எஸ்டோனியாவின் 'வல்டு': 'பல்லூராட்சி' என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

எஸ்டோனியாவில் பெரும்பாலும் பல ஊர்களைச் சேர்த்து ஆளும் ஒருவகை உள்ளாட்சிக்கு 'வல்டு' என்று பெயர். அதைத் தமிழில் எப்படி எழுதலாம் என்ற கேள்விக்கு இங்கே நண்பர்கள் இதுவரை சொன்ன சொற்கள் ஊராட்சி, வட்டாட்சி, கிராமிய நகராட்சி, பிரதேச சபை ஆகிய நான்கு. நான் ஐந்தாவதாக ஒன்று சொல்கிறேன்: பல்லூராட்சி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

சாரேமா தீவில் உள்ள ஒரு வீட்டின் முகவரியில் மூன்று பெயர்கள் வரிசையாக வரும்: குரெசாரே லின், சாரேமா வல்டு, சாரே மாகோண்ட். 'லின்' என்றால் நகரம், 'மாகோண்ட்' என்றால் மாவட்டம். இதை நம் பழக்கப்படி 'குரெசாரே நகராட்சி, சாரேமா ஊராட்சி, சாரே மாவட்டம்' என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? ஓர் ஊராட்சிக்குள் ஒரு நகராட்சியா என்று குழம்புவார். அவர் குழம்புவது நியாயம்தான், ஏனென்றால் குரெசாரேக்கு இப்போது தனி ஆட்சியே இல்லை. 2017-இல் அந்த நகரமும் அதைச் சுற்றியிருந்த பதினொரு உள்ளாட்சிகளும் ஒன்றாக்கப்பட்டு, சுமார் 2,700 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரே வல்டு ஆகிவிட்டன.

அந்த ஆண்டு நடந்த சீர்திருத்தம் நாடு முழுவதற்குமானது. ஓர் உள்ளாட்சியில் குறைந்தது 5,000 பேராவது இருக்க வேண்டும் என்று அளவு வைத்து, 213 உள்ளாட்சிகளை 79 ஆக்கினார்கள்: 64 வல்டு, 15 லின். சிறு தீவுகள் போன்ற சில இடங்களுக்கு விலக்கு கிடைத்தது. ஆகவே பழைய அகராதியில் வல்டு என்பதற்கு 'கிராம ஊராட்சி' என்று பொருள் இருந்தாலும், இன்றைய வல்டுக்கு அது பொருந்தாது.

வட்டாட்சி என்றால் எனக்கு உடனே வட்டாட்சியர் அலுவலகமும் பட்டா மாறுதலும்தான் நினைவுக்கு வருகின்றன. வட்டாட்சியரை அரசு நியமிக்கிறது. வல்டின் மன்றத்தையோ மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், பதினாறு வயதுப் பிள்ளைகள் உட்பட. கிராமிய நகராட்சி ஆங்கிலத்தின் நேர்பெயர்ப்பு. கிராமம், நகரம் இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிப்போட்டு எதையும் விளக்காமல் விட்டுவிடுகிறது. இலங்கை நண்பர் சொன்ன பிரதேச சபை அளவில் மிக நெருங்கி வருகிறது, பல கிராமங்களுக்கு ஒரே அவை என்பதும் சரி. ஆனால் அது அவையின் பெயர், வல்டு நிலப்பரப்பின் பெயர். வல்டின் அவைக்கு 'வோலிகோகு' என்று தனிச்சொல் இருக்கிறது, அதற்கு நமக்கு மன்றமோ சபையோ தேவைப்படும்.

இப்போது பல்லூராட்சிக்கு வருகிறேன். பல்லாண்டு, பல்லுயிர் போலத்தான் பல்லூர். இதில் எனக்குப் பிடித்தது 'ஊர்' என்ற சொல்தான். "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டால் மதுரைக்காரரும் பதில் சொல்வார், பத்து வீடுள்ள குக்கிராமத்துக்காரரும் பதில் சொல்வார். கிராமம், நகரம் என்ற பிரிவு அந்தச் சொல்லுக்குள் இல்லை. குரெசாரேயும் ஓர் ஊர், அதைச் சுற்றியுள்ள கிராமங்களும் ஊர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே ஆட்சி. தவிர, வல்டு என்ற சொல்லும் ஆளுதலைக் குறிக்கும் 'வலிட்செமா' என்ற வினையும் ஒரே வேரைச் சேர்ந்தவை. அதனால் ஆட்சி என்ற ஈறும் பொருந்திவிடுகிறது. அந்த முகவரி இனி 'குரெசாரே நகரம், சாரேமா பல்லூராட்சி, சாரே மாவட்டம்' என்று ஆகும். குழப்பம் இல்லை.

லின்னுக்கு நாம் இரண்டு சொல் வைத்துக்கொள்வது நல்லது. தனி ஆட்சி இருந்தால் நகராட்சி, வெறும் குடியிருப்பாக இருந்தால் நகரம். எஸ்டோனியர்கள் இரண்டையும் லின் என்றே சொல்கிறார்கள். எடுத்துக்காட்டாக, பார்னு என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள்: பார்னு லின் என்பதற்குள் இன்று தோஸ்தமா பக்கத்துக் கிராமங்களும் அடக்கம். 'பார்னு நகராட்சி', 'பார்னு நகரம்' என்று நாம் பிரித்து எழுதினால் எது எது என்று தெளிவாகிவிடும்.

மாகோண்ட் மாவட்டமாகவே இருக்கட்டும். 2018 தொடங்கியதும் மாவட்ட நிர்வாகங்களை அங்கே கலைத்துவிட்டார்கள். பதினைந்து மாவட்டங்களும் எல்லைகளாக மட்டும் தொடர்கின்றன. எஸ்டோனியா பற்றி நாம் எழுதும் கட்டுரையின் முதல் பத்தியிலேயே இதைச் சொல்லிவிட்டால் போதும், இல்லாவிட்டால் நம் வாசகர்கள் ஆட்சியரைத் தேடுவார்கள்.

பல்லூராட்சியில் ஒரு குறை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ரூஹ்னு என்ற குட்டித் தீவும் ஒரு வல்டுதான், அங்கே இருப்பது ஒரே ஊர். அங்கே 'பல்' பொய்யாகிவிடுகிறது. ஆனாலும் சட்டத்தில் அதற்கென்று தனி வகை இல்லாததால் அதையும் பல்லூராட்சி என்றே எழுதலாம் என்பது என் கருத்து. வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

அப்புறம், 'வல்லவனெம்' இன்னும் மீதி இருக்கிறது. வல்டின் நிர்வாகத்தை நடத்துபவருக்கான பதவிப் பெயர் அது. 'வனெம்' என்றால் மூத்தவர். தலைவர் என்று போட்டால் மன்றத் தலைவரோடு மோதும், முதல்வர் என்றால் மாநில முதல்வர் நினைவுக்கு வருவார். 'மூப்பர்' என்று எழுதிப் பார்த்தேன், அதில் தேவாலய வாசனை அடிக்கிறது. இதற்கு என்னிடம் சொல் இல்லை. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.