செகண்ட் ஹேண்ட் காம்பவுண்ட் வில்லு: அம்பு மேல கீழ போகுது, பீப் திரும்பிக்குது, என்ன பண்றது?

அம்பறாத்தூணி:
வணக்கம் மக்களே, நான் மதுரை. 2023 பெர்லின் வில்வித்தை வேர்ல்டு சாம்பியன்ஷிப் ஃபைனல்ல நம்ம இந்தியாவோட ஓஜஸ் தேவ்தாலே 150க்கு 150 போட்டதுல இருந்தே காம்பவுண்ட் கிறுக்கு புடிச்சிருச்சு, ரிகர்வ்ல (சக்கரம் இல்லாத வில்லு) ஒரு வருஷம் ஓட்டிட்டு நாலு மாசம் முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல ஒன்னு வாங்கினேன். மேலயும் கீழயும் கேம் (ஸ்ட்ரிங் சுத்துற சக்கரம்), ஆக்ஸில் டு ஆக்ஸில் (ரெண்டு கேமோட அச்சுக்கும் நடுவுல) 37 இஞ்ச், இழுக்கற பலம் 50 பவுண்ட்ல வச்சிருக்கேன். மூணு வாரம் முன்னாடி வரைக்கும் 50 மீட்டர்ல ஆறுக்கு நாலு டார்கெட்டோட நடு மஞ்சள்ல உக்காரும். இப்ப இடது வலது கரெக்ட்டா இருக்கு, உயரம்தான் அது இஷ்டத்துக்கு, ஒன்னு பத்துல அடுத்தது நீலத்துல. சைட்ட (குறி பாக்கற கருவி) திருகித் திருகி விரல் தேஞ்சதுதான் மிச்சம். பீப் (ஸ்ட்ரிங்ல இருக்கிற, குறி பாக்கற வளையம்) ஓட்டை கண்ணுக்கு நேரா வரமாட்டேங்குது, ஒவ்வொரு தடவையும் கையால திருப்பி விட்டுட்டு இழுக்கணும். முழுசா இழுத்தா முன்னாடி சுவத்துல முட்டின மாதிரி நிக்கும், இப்ப கொழகொழன்னு இருக்கு. ஸ்ட்ரிங் காஞ்சிருச்சோன்னு மெழுகுவர்த்தி உரசி மேல கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் தடவினேன் (திட்டாதீங்க). பவுண்ட் கூட்டினா சரியாகுமா?

ரிகர்வ் ஆளு:
தேங்காய் எண்ணெயா 😂 தாளிச்சு வேற கொட்டலயே

கேம் மெக்கானிக்:
தம்பி, சைட்ட முதல்ல விடுங்க. பவுண்டையும் தொடாதீங்க, போட்டி ரூல்ல 60 வரைக்கும் விட்ருக்காங்கன்னா எல்லாரும் 60 இழுக்கணும்னு இல்ல. இடது வலது நல்லா இருந்து மேல கீழ மட்டும் சிதறுதுன்னா எனக்கு முதல் சந்தேகம் கேம் டைமிங் மேலதான். ரெண்டு கேமும் ஒரே நேரத்துல சுத்தி முடியணும், ஒன்னு முந்திக்கிட்டா அம்போட வால் மேலயோ கீழயோ தள்ளப்படும். நீங்க மெதுவா இழுங்க, ஃப்ரெண்ட பக்கவாட்டுல, நல்லா தள்ளி நிக்கச் சொல்லி ரெண்டு டிரா ஸ்டாப்பும் (இழுவைய நிறுத்தற முட்டு) எப்ப முட்டுதுன்னு போன்ல வீடியோ எடுக்கச் சொல்லுங்க. அம்பு மாட்டி, டார்கெட்டுக்கு நேரா நின்னு மட்டும் இழுங்க. அப்புறம், வில்ல எங்க வைக்கிறீங்க?

அம்பறாத்தூணி:
அண்ணா வீடியோ எடுத்தாச்சு, மேல் ஸ்டாப் முட்டினப்புறமும் கீழதுக்கு ஒரு விரல் கடை இடைவெளி இருக்கு. வில்லு கார் டிக்கிலதான் கிடக்கும், ஆபீஸ்ல இருந்து நேரா ரேஞ்சுக்குப் போயிடுவேன்.

கேம் மெக்கானிக்:
மதுரை வெயில்ல, டிக்கில! சூட்டுலயும் இழுவிசையிலயும் நூல் கொஞ்சம் கொஞ்சமா நீளும், திரும்ப சுருங்காது. கேமோட சேர்ந்த கேபிள் ரெண்டும் ஒரே அளவு நீளாது, அங்கதான் டைமிங் போகும், ஸ்ட்ரிங் முறுக்கு தளர்ந்தா பீப்பும் சுத்தும். அடுத்த செட் வாங்கறப்ப 452எக்ஸ் மாதிரி வெக்ட்ரான் கலந்த நூலா கேளுங்க, நீளறது கம்மி. இப்போதைக்கு எண்ணெய பழைய காட்டன் துணியால நல்லா துடைச்சுருங்க, அதுல மண்ணு ஒட்டி உள்ள போயி நூல அறுக்கும். வில்லு ஸ்ட்ரிங்குக்குன்னே விக்கிற வேக்ஸ் வாங்கி ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு சூடு வர்ற வரைக்கும் தேய்ங்க, மேல சுத்தியிருக்கிற சர்விங்ல தடவாதீங்க. கேபிள் முறுக்கு சரி பண்ண பிரெஸ் (வில்ல அமுக்கிப் பிடிக்கிற மெஷின்) வேணும், ரிகர்வ் மாதிரி காலுக்கு நடுவுல வளைச்சு கழட்டற வேலை இதுல கிடையவே கிடையாது.

வில்லும் கையுமா:
நடுவுல வர்றேன், உங்க கை விரிச்ச அளவு என்ன, டிரா லென்த் (இழுக்கற நீளம்) எத்தனைல இருக்கு? செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க பிராண்டையும் கலரையும் பாப்பாங்க, இத பாக்க மாட்டாங்க.

அம்பறாத்தூணி:
அக்கா, விரல் நுனில இருந்து நுனி வரைக்கும் 166 செ.மீ. வில்லு 27.5ல இருக்கு, வித்தவர் வச்சிருந்தது அப்படியே.

வில்லும் கையுமா:
166 செ.மீன்னா 65 இஞ்ச் சொச்சம், 2.5ஆல வகுத்தா 26 கிட்ட வரும். இது தோராயக் கணக்குதான், ஆனா ஒன்றரை இஞ்ச் வித்தியாசம் சும்மா இல்ல. நீங்க பின்னாடி சாஞ்சு, தலைய தூக்கி ஸ்ட்ரிங்க தேடிப் போயிட்டு இருப்பீங்க. எனக்கும் முதல் வில்லு இப்படித்தான், முன்னங்கைல ஸ்ட்ரிங் அடிச்சு கத்திரிக்காய் கலர்ல தடிச்சுக் கிடந்துச்சு. நிறைய வில்லுல கேம் மேல இருக்கிற மாட்யூல நகத்தினாலே அரை அரை இஞ்சா குறையும், டைமிங் சரி பண்ணப்புறம் அத பாருங்க. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி, நேரா சொல்லுங்க. மூணு வாரம் முன்னாடின்னு இவ்ளோ கரெக்ட்டா சொல்றீங்களே, அன்னிக்கு என்ன நடந்துச்சு? டிக்கில நாலு மாசமா கிடக்குது, நூல் ஒரே நாள்ல நீளாது.

அம்பறாத்தூணி:
...எங்க அக்கா பையன் வந்திருந்தான். ரேஞ்சுல நான் போன் பேசிட்டு இருந்தப்ப அம்பு இல்லாம இழுத்து விட்டுட்டான். துப்பாக்கி வெடிச்ச மாதிரி சத்தம். ஸ்ட்ரிங் கழலல, பையனுக்கும் ஒன்னும் ஆகல, அதனால நல்லாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன்.

கேம் மெக்கானிக்:
அட பாவி மனுசா, இத மொத வரியில சொல்லிருக்கணும்! டைமிங் வீடியோலாம் எடுக்கவே சொல்லிருக்க மாட்டேன். இனிமே ஒரு தடவ கூட இழுக்காதீங்க. அம்பு எடுத்துட்டுப் போக வேண்டிய வேகம் மொத்தமும் அன்னிக்கு லிம்ப்லயும் (வில்லோட வளையற பட்டை) கேம்லயும்தான் இறங்கிருக்கும்.

வில்லும் கையுமா:
வீட்ல பஞ்சு இருக்குமில்ல, ஒரு உருண்டை எடுத்து நாலு லிம்ப்லயும் ரெண்டு ஓரத்துலயும் மேல இருந்து கீழ வரைக்கும் மெதுவா தடவிட்டே வாங்க. வெறும் விரல் வேணாம், சிலாம்பு ஏறிடும். கேம் பக்கத்துலயும் லிம்ப் உக்காந்திருக்கிற பாக்கெட் பக்கத்துலயும் நிதானமா. அப்புறம் கேம் நேரா சுத்துதா, ஆக்ஸில் வளைஞ்சிருக்கான்னு பின்னாடி நின்னு பாருங்க.

அம்பறாத்தூணி:
பாத்துட்டேன். மூணு லிம்ப் வழவழன்னு போகுது. மேல் வலது லிம்ப்ல, கேம்ல இருந்து நாலு விரல் கீழ, பஞ்சு மாட்டுது. டார்ச் அடிச்சுப் பாத்தா தலைமுடி மாதிரி வெள்ளையா ஒரு கோடு.

கேம் மெக்கானிக்:
அதேதான், விரிசல். பிரெஸ்ல நீங்களா மாட்டாதீங்க, அந்த லிம்ப் அதுலயே உடையலாம். கடைக்கு கொண்டு போறப்ப டிரை ஃபயர் (அம்பு இல்லாம விட்டது) ஆச்சுன்னு வாயத் திறந்து சொல்லிடுங்க, லிம்ப் ஒன்னு மட்டும் மாத்தாம செட்டா கேளுங்க, ஸ்ட்ரிங் கேபிளும் புதுசு.

அம்பறாத்தூணி:
லிம்ப் செட் விலைய இப்பதான் பாத்தேன். அக்காவுக்கு போன் போடவா வேணாமான்னு யோசிச்சிட்டு இருக்கேன்.