படிப்பு முடிந்தது, வன்னியில் தனியாக வேலை. மேற்பார்வைக்கு யாரிடம் போவது?

முல்லைக்கொடி:
ஓவிய சிகிச்சை படித்து முடித்து ஏழு மாதமாகக் கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்புப் பக்கமும் ஒரு திட்டத்தில் வேலை செய்கிறேன். படிக்கும்போது கிழமைக்கு ஒருமுறை மேற்பார்வையாளரோடு இருந்து ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் கதைப்போம், இங்கு என் வேலையை விளங்கிக்கொள்ளவே ஆள் இல்லை. ஒரு பொடியன் வீடு கீறினான். கதவை மட்டும் கறுப்புப் பஸ்டலால் தாள் கிழியும்வரை தேய்த்தான். நான் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் இருந்தேன். பிறகு அறிக்கைக்கு வேண்டும் என்று மேலதிகாரி அந்தப் படத்தைக் கேட்டார், கொடுத்துவிட்டேன். அடுத்த கிழமை அது கூட்ட மண்டபச் சுவரில் இருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து அவன் கலரைத் தொடவில்லை. எனக்கு நித்திரை வருவதில்லை. தொடக்கத்தில் நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள்?

வடலி:
தங்கச்சி, முதலில் படத்தைக் கழற்றி அவன் கையில் கொடுத்து மன்னிப்புக் கேளுங்கள். வைத்திருப்பதோ கிழிப்பதோ அவன் விருப்பம். சீர்மியத்தில், அதாவது உளவள ஆலோசனையில், ஒருவர் சொன்ன கதையைச் சுவரில் எழுதி ஒட்டுவோமா? படமும் அப்படித்தான். நான் பதினொரு வருடமாக உளசமூகப் பணியில் இருக்கிறேன், கண்டது இது: மேற்பார்வைக்கான காசைத் திட்டம் எழுதும்போதே கேட்டால் தருவார்கள், பிறகு கேட்டால் இல்லை. படங்கள் கோப்பை விட்டு வெளியே போகாது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், மே மாதத்தில் புதிதாக எதையும் கிளற வேண்டாம். 2009 மே மாதத்தில் முடிந்த போர் எல்லா வீட்டிலும் இருக்கிறது, நேரில் பார்க்காத பிள்ளையும் அம்மாவின் முகத்தில் பார்க்கிறது. உங்களுக்கும் அந்த மாதம் பாரமாக இருக்கும், வேலையைக் குறையுங்கள். இன்னொன்று, இங்கே எழுதும்போது வயது, பாடசாலை எதுவும் வராமல் பார்த்தீர்கள், நல்லது.

தேம்ஸ்கரை:
பிரித்தானியாவில் ஓவிய சிகிச்சையாளர், இசை சிகிச்சையாளர், நாடக சிகிச்சையாளர் என்ற பெயர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, சுகாதாரத் துறையினரைப் பதிவுசெய்யும் எச்சிபிசி (HCPC) என்ற அமைப்பின் பதிவு இல்லாமல் போட முடியாது. பதிவு கிடைத்த பிறகும் நான் மேற்பார்வைக்குப் போகிறேன், எனக்கு மேற்பார்வை தருபவரும் இன்னொருவரிடம் போகிறார். ஆகவே, ஆள் தேவைப்படுவதால் உங்களுக்கு வேலை தெரியாது என்று நினைக்காதீர்கள். ஞாயிறு இரவு உங்கள் நேரம் எட்டு மணிக்கு நான் சும்மாதான் இருப்பேன், அழையுங்கள். படம் அனுப்பவேண்டாம், பெயர் சொல்லவேண்டாம், அன்று உங்களுக்குள் என்ன நடந்தது என்பதைச் சொன்னால் போதும்.

ஓலைப்பெட்டி:
நான் சிகிச்சையாளர் இல்லை, முள்ளியவளையில் ஆசிரியை. எங்கள் பக்கம் கோவலன் கூத்துப் பழகவரும் பிள்ளையை எடுத்தவுடன் தனியே மேடையில் விடமாட்டார்கள், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் பக்கத்தில் நின்று தாளம் பிடித்துக்கொடுப்பார். உங்களை மட்டும் ஏன் தனியே விட்டார்கள் என்று கோபம் வருகிறது. பெரிய அம்மாமாருக்கும் குழு நடத்துகிறீர்கள் என்றால் பென்சிலை நீட்டாதீர்கள். “எனக்குக் கீறத் தெரியாது மகள்” என்று கையை மடியில் வைத்துவிடுவார்கள். பனையோலையைக் கொடுங்கள். பெட்டியின் அடி பின்னி முடிவதற்குள் ஒருவர் கதைக்கத் தொடங்குவார், கண் ஓலையில் இருக்கும்.

முல்லைக்கொடி:
நேற்றுப் படத்தைக் கொடுத்தேன். நாலாக மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான். கலர்ப்பெட்டியைத் திறக்கவில்லை, ஆனால் எழும்பிப் போகவும் இல்லை, மணி அடிக்கும்வரை இருந்தான். ஞாயிறு எட்டு மணி எனக்குச் சரி அக்கா.