மகளுக்கு முதுகலை இடம் கிடைத்திருக்கிறது: விடுதியா, தினமும் பஸ்ஸா?

திருவெண்காட்டுக்காரர்:
வணக்கம். மகளுக்குச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. வேதியியல் கிடைத்திருக்கிறது. எங்கள் ஊர் திருவெண்காட்டுக்குப் பக்கம். வீட்டிலிருந்து சீர்காழிக்கு ஒரு பஸ், அங்கிருந்து கொள்ளிடம் ஆற்றைத் தாண்டிச் சிதம்பரத்துக்கு இன்னொரு பஸ். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. இளங்கலை படித்தபோது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. முதுகலைக்கு அது கிடையாது. விடுதியில் சேர்ப்பதா, போய்வரச் சொல்வதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கடைமடை:
போய்வரட்டும் ஐயா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் விடுதியில் இருந்து படித்தவன். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். மெஸ்ஸில் டிவைடிங் முறை: மாதச் செலவு மொத்தத்தையும் கூட்டி, சாப்பிட்டவர்கள் தலையில் வகுத்துவிடுவார்கள். அரிசி யார் வாங்கினார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்று கேட்க முடியாது. பில் மாதா மாதம் ஏறியது, சாம்பாரில் பருப்பு இறங்கியது. பாக்கி வைத்தவனுக்கு ஹால் டிக்கெட்டை நிறுத்திவைத்தார்கள். என் அப்பா குறுவை நெல்லை ஈரத்தோடு வியாபாரியிடம் தள்ளிவிட்டுப் பணம் அனுப்பினார். அந்தப் பணத்தில் நான் தின்ற சோறு இன்றும் தொண்டையில் நிற்கிறது. கும்பகோணத்தில் கணிதமேதை ராமானுஜனே சாரங்கபாணி சன்னிதித் தெரு வீட்டிலிருந்துதான் கல்லூரிக்குப் போனார்.

குத்தாலத்து ஆசிரியை:
ராமானுஜனை ஏன் இழுக்கிறீர்கள்? கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கோட்டைவிட்டு அவர் உதவித்தொகையை இழந்தது அந்தக் கல்லூரியில்தான், 1905-இல். வீட்டுச்சோறு அதைத் தடுக்கவில்லை.

நான் ஐந்து வருடம் பஸ்ஸில் போய்வந்து படித்தவள், அதுவும் இதே வேதியியல். ஆய்வகத்தில் பியூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து கரைசல் சொட்டுச் சொட்டாகக் குடுவையில் விழும். நிறம் மாறும் அந்த ஒரு சொட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். நான் குடுவையைப் பார்த்ததைவிடச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததுதான் அதிகம். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறே முக்காலுக்கு. நான்கரைக்கு மேல் நான் எழுதிய அளவுகள் எல்லாம் பக்கத்து மேசைக்காரியின் நோட்டில் இருந்தவை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. அவள் விடுதிக்காரி. மாலையில் பேராசிரியர் வராந்தாவில் நின்று பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். இன்று அவள் ஆராய்ச்சியில் இருக்கிறாள், நான் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். பள்ளிக்கூடம் மட்டம் என்று சொல்லவில்லை. ஆனால் நான் தேர்ந்தெடுத்து வந்த இடம் இது இல்லை.

வடவாறு:
ஒரு விஷயம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் தொடங்கியபோதே மாணவர்கள் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாகத்தான் தொடங்கியது. நம் பக்கத்துக் கலைக்கல்லூரி மாதிரி வகுப்பு முடிந்ததும் வீடு திரும்பும் ஏற்பாடு இல்லை.

இன்னொன்று மழை. செமஸ்டர் தேர்வு வருவது நவம்பர், டிசம்பரில். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். 2022 நவம்பர் 11-ஆம் தேதியைச் சீர்காழிக்காரர்களுக்கு நான் நினைவுபடுத்தத் தேவையில்லை: ஒரே நாளில் 44 செ.மீ. அன்று காலையில் உங்கள் மகளுக்குத் தேர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திருவெண்காட்டுக்காரர்:
அன்று எங்கள் வாசலில் முழங்கால் தண்ணீர். சம்பா நட்ட வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. மகள் அப்போது முதலாண்டு. நீங்கள் சொல்வது புரிகிறது.

கடைமடை:
44 செ.மீ. தினமுமா பெய்கிறது? அப்படிப் பெய்தால் தேர்வையே தள்ளிவைப்பார்கள். ஆசிரியை அம்மாவுக்கு ஒரு கேள்வி. மாலை நேரம், வராந்தா, நூலகம் என்கிறீர்கள். பெண்கள் விடுதிகளில் பொழுது சாயும்போதே கேட்டைப் பூட்டிவிடுகிறார்களே? என் தங்கை இருந்த விடுதியில் ஆறரை மணி. ஆறு முப்பத்தைந்துக்கு வந்தவளை வாசலில் நிறுத்தி வீட்டுக்குப் போன் போட்டார்கள். நூலகம் எட்டு மணிவரை திறந்திருந்தது, ஆண் பிள்ளைகளுக்கு. நீங்கள் சொல்லும் மாலையை அந்தப் பெண்ணுக்கு யார் கொடுக்கப் போகிறார்கள்?

குத்தாலத்து ஆசிரியை:
இது நியாயமான கேள்வி, பதில் என்னிடம் இல்லை. ஆண் பிள்ளைகளுக்கு இல்லாத மணி பெண் பிள்ளைகளுக்கு மட்டும் இருப்பது அநியாயம். ஆனாலும் கேட்டுக்கு உள்ளே, ஆறரை மணிக்கு, அவள் மேசையில் புத்தகம் திறந்திருக்கும். நான் அந்த நேரத்தில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். ஏழரைக்கு வீட்டுக்குப் போனால் அடுப்பு காத்துக்கொண்டிருக்கும். தம்பி வந்தால் காபி காத்துக்கொண்டிருக்கும்.

முதலாண்டுக்காரன்:
நான்கு பேர் சேர்ந்து வெளியில் அறை எடுத்தால் மெஸ் பில்லும் இல்லை, கேட்டும் இல்லை. நாங்கள் அப்படித்தான் இருக்கிறோம்.

திருவெண்காட்டுக்காரர்:
தம்பி, அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் எடுக்கவே முடியாது.

கடைமடை:
அடுப்பு என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் நாங்கள் எல்லாரும் கொடுமைக்காரர்கள் ஆகிவிடுவோம். வீட்டு வேலை செய்வதும் வாழ்க்கைதான் அம்மா. தை மாதம் அறுப்பு நேரத்தில் வீட்டில் ஒரு கை குறைந்தால் என்ன ஆகும் என்பது குத்தாலத்தில் இருப்பவருக்குத் தெரியாதா? வகுப்புக்கு 75 சதவீதம் வருகைப்பதிவு இருந்தால் போதும் என்று பல்கலைக்கழகமே சொல்கிறது. மிச்சம் 25 சதவீதத்தில் அறுப்பையும் பார்க்கலாம்.

வடவாறு:
அந்த 25 காய்ச்சலுக்கும் சாவுக்கும் வைத்தது. அறுப்புக்கு வைத்ததில்லை. என் மச்சான் அப்படிக் கணக்குப் போட்டுத்தான் ஒரு செமஸ்டரை விட்டான்.

குத்தாலத்து ஆசிரியை:
திருவெண்காட்டு ஐயா, தவறாக நினைக்காதீர்கள். உங்களுக்கு மகன் உண்டா? இருந்தால் அவர் எங்கே தங்கிப் படித்தார்?

திருவெண்காட்டுக்காரர்:
(மறுநாள் காலை) ஒரு மகன். திருச்சியில் படித்தான், மூன்று வருடமும் விடுதி. அப்போது நான் யாரையும் எதையும் கேட்கவில்லை. சேர்த்துவிட்டு, டிரங்குப் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்தேன். திருச்சிக்குத் தினமும் போய்வர முடியாது என்று நேற்று இரவு இங்கே எழுத நினைத்தேன், எழுதி அழித்துவிட்டேன். விஷயம் தூரம் இல்லை. அவள் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. மாட்டைப் பிடித்துக் கட்டுவதும் பால் கறப்பதும் இப்போது மகள்தான். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

கடைமடை:
எழுதியிருந்தால் நான் இவ்வளவு கத்தியிருக்க மாட்டேன். மாடு எத்தனை?

திருவெண்காட்டுக்காரர்:
இரண்டு கறவை, ஒரு கிடாரி.

கடைமடை:
என் கருத்து மாறவில்லை, விடுதி வீண் செலவுதான். ஆனால் ஒரு கறவையை விற்றால் முன்பணமும் சில மாத மெஸ் பில்லும் தேறும், உங்களுக்கும் வேலை குறையும். கிடாரியை விற்காதீர்கள். மழைக்கு முன்னால் விற்றுவிடுங்கள், ஐப்பசியில் விலை விழும்.

குத்தாலத்து ஆசிரியை:
விடுதி விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி தனியாக இருக்கும், சேர்க்கையோடு முடிந்துவிட்டது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். நல்ல பூட்டாக இரண்டு வாங்கிக் கொடுங்கள், ஒன்று பெட்டிக்கு, ஒன்று அலமாரிக்கு.

திருவெண்காட்டுக்காரர்:
திங்கட்கிழமை சிதம்பரம் போகிறேன். மாட்டு விஷயம் வீட்டில் இன்னும் பேசவில்லை.